மெக்கன்சியின் மான்

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உட்கார்ந்து பாளையக்காரர் வம்சாவளி ஒன்றைப் பெயர்த்தெழுதிக்கொண்டிருந்தேன். மெக்கன்சி தொகுப்பைச் சேர்ந்தது. இந்த வகை எழுத்தைப் படித்தவர்களுக்கு அதன் போக்கு மனப்பாடமாகத் தெரியும். வடக்கே எங்கேயோ இருந்து ஒரு முன்னோர் புறப்பட்டு வருவார். ராஜா வேட்டைக்குப் போவார். புலியோ பன்றியோ ராஜாமேல் பாயும். கூட வந்த பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நிற்க, நம்முடைய முன்னோர் மட்டும் முன்னே பாய்ந்து அதை வெட்டிச் சாய்ப்பார். ராஜா சந்தோஷப்பட்டுப் பட்டப்பெயரும் விருதும் நிலமும் கொடுப்பார். அன்றையிலிருந்து வம்சம். அந்த நிலத்தில் அதற்கு முன்னால் யார் உழுதார்கள், யார் ஆடு மேய்த்தார்கள் என்ற பேச்சே வராது. கதை தொடங்கும்போது நிலம் காலியாகக் கிடக்கும்.

கட்டு எடுத்துக் கொடுக்கிற பெரியவர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "யாரு சார் இந்த மெக்கன்சி? ஊர் ஊரா ஆள் அனுப்பி எல்லாருடைய வம்சாவளியையும் எழுதி வாங்கியிருக்கானே, அவனுக்கு ஒரு வம்சாவளி உண்டா, கிடையாதா?"

நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் கேள்வி விடவில்லை. நம்மைப் பற்றித் தகவல் திரட்டியவனின் அதிகாரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. காலனியம், அறிவு, ஆவணக் காப்பகம் என்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். அவனுடைய ஊரில் அவன் யார் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. பெரியவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்; கொஞ்சம் நீண்டுவிட்டது.

காலின் மெக்கன்சி 1754 வாக்கில் ஸ்காட்லாந்தின் வடமேற்கில், லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர். அப்பா வியாபாரி, ஊருக்குத் தபால்காரியமும் பார்த்தவர். காலின் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, 1783இல் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821இல் இங்கேயே செத்தும் போனார். இது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். அவ்வளவாகப் பேசப்படாதது: அந்தத் தீவு முழுவதும் ஒரு மெக்கன்சியின் சொத்து என்பது. குலத் தலைவர் சீஃபோர்த் பிரபு. அந்தக் குடும்பத்தின் தயவு இல்லாமல் ஸ்டோர்னோவே வியாபாரியின் பையன் பட்டாளத்துக்குள் நுழைந்திருக்க முடியாது.

பெயரிலிருந்து தொடங்குவோம். கேலிக் மொழியில் மக் கோயின்னிச் என்றால் கோயின்னெக்கின் மகன். கோயின்னெக்கைத்தான் இங்கிலீஷில் கென்னத் என்கிறார்கள். 'மெக்கன்சி'யில் இருக்கிற 'ச' ஓசை அந்தப் பெயரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் யோக் என்று ஓர் எழுத்து உண்டு. ஏறக்குறைய நம்முடைய 'ய' ஓசைக்கு நிற்பது. அச்சு வந்தபோது அச்சுக்கோப்பவர்களிடம் அந்த எழுத்து இல்லை. உருவத்தில் பக்கத்தில் இருக்கிற இங்கிலீஷ் இசட்டைப் போட்டார்கள். வாசித்தவர்கள் அதை இசட்டாகவே வாசித்தார்கள். ழகரத்தை அதே இசட்டை வைத்து எழுதி வெள்ளைக்காரன் வாயில் மாட்டிக்கொண்டு முழிக்கிற நமக்கு இந்த வேடிக்கை புரியும். ஆக, பெயரே அச்சகத்தில் பிறந்தது. மூதாதை எங்கே பிறந்தார் என்று பார்க்கலாம்.

குலத்தின் அதிகாரபூர்வக் கதை இது. 1263 அக்டோபரில் நார்வே அரசன் ஹாக்கோன் பெரிய கப்பற்படையுடன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு வருகிறான். லார்க்ஸில் சண்டை. ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் அலெக்சாந்தர் பக்கம் நின்று போரிட்டவர்களில் ஒருவன் அயர்லாந்திலிருந்து வந்த காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட், அங்கே பெரிய நார்மன் பிரபு குடும்பத்துப் பையன். பிறகு ஒருநாள் அரசன் வேட்டைக்குப் போகிறான். அடிபட்ட கலைமான் திரும்பி அரசன்மேல் பாய்கிறது. காலின் குறுக்கே விழுந்து மானைக் கொல்கிறான். அரசன் கின்டெயில் என்கிற மலைநாட்டை அவனுக்குச் சாசனம் எழுதிக் கொடுக்கிறான். சாசனத்தின் தேதி 1266 ஜனவரி. குலத்தின் சின்னம் மான் தலை ஆனது இப்படித்தான். தலைவனின் பட்டப்பெயர் கபர்ஃபே, அதாவது மான்கொம்பு. 'ராஜாவுக்கு உதவு' என்ற கேலிக் வாசகம் பின்னால் அவர்களுடைய பட்டாளத்தின் முழக்கமாயிற்று.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை ஒளிக்க விரும்பவில்லை. அதே வேட்டை, அதே பாய்ச்சல், அதே நிலக்கொடை. புலிக்குப் பதில் மான், அவ்வளவுதான். திருநெல்வேலிச் சீமைக்கும் ராஸ் சீமைக்கும் நடுவே கதை கப்பலேறிப் போகவில்லை. நிலம் ஒருவன் கையில் ஏன் இருக்கிறது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் இப்படி ஒரு கதை முளைக்கிறது. காலின் மெக்கன்சி நம்மூரில் இந்தக் கதைகளைக் கேட்டபோது அவருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்ததோ என்னவோ.

சரி, ஃபிட்ஸ்ஜெரால்ட் எங்கிருந்து வந்தார்? அயர்லாந்திலிருந்து இல்லை. ஒரு வக்கீலின் பேனாவிலிருந்து.

டார்பெட்டின் சர் ஜார்ஜ் மெக்கன்சி (1630–1714) குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். நீதிபதி, அமைச்சர், அரசியலில் எந்தக் காற்றுக்கும் பாய் விரிக்கத் தெரிந்தவர். 1685இல் டார்பெட் பிரபு, 1703இல் குரோமார்ட்டி கோமகன். இங்கிலாந்தோடு ஸ்காட்லாந்தை இணைத்த 1707ஆம் வருஷ ஒப்பந்தத்தை ஆதரித்து எழுதியவர். 1669இல் மெக்கன்சி குடும்ப வம்சாவளியை எழுதினார். ஃபிட்ஸ்ஜெரால்ட் கதை ஊன்றி நிலைத்தது அதிலிருந்துதான். இவருக்கு வம்சாவளி பொழுதுபோக்கு அல்ல. ராஜா மூன்றாம் ராபர்ட் முறையாகப் பிறந்தவர்தான், வைப்பாட்டி மகன் அல்ல என்று நிரூபிக்க 1695இல் ஒரு தனிப் புத்தகம் போட்டவர். பிறப்பைச் சட்ட வாதமாக ஆக்கத் தெரிந்த மனுஷன். அரசனுக்கு ஒன்று, தன் வீட்டுக்கு ஒன்று.

அந்தச் சாசனத்தின் மூலம் யார் கையிலும் இல்லை. கிடைப்பது பிற்காலப் பிரதி. சாசனத்தில் சாட்சிகளாக வருகிற ஆட்கள் 1266க்குப் பொருந்தவில்லை, அதற்கு ஒரு தலைமுறை முந்தின இரண்டாம் அலெக்சாந்தர் காலத்தவர்கள் என்று 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொரு வாதம். ரொம்ப எளிமையானது. குலத்தை நிறுவியவர் பெயர் காலின் என்றால், பேரன் கொள்ளுப்பேரன் யாருக்காவது அந்தப் பெயர் வைத்திருக்க வேண்டுமா இல்லையா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. மெக்கன்சித் தலைவர்கள் பட்டியலைப் பாருங்கள்: கென்னத், ஜான், கென்னத், முர்தோ, அலெக்சாந்தர், மறுபடி கென்னத், மறுபடி ஜான். 16ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஒரு காலின்கூடக் கிடையாது. 1594இல் இறந்த ஒற்றைக்கண் காலின்தான் முதல் காலின். அந்தப் பெயர் ஆர்கைல் சீமையின் கேம்பல் குலத்துக்குச் சொந்தமான பெயர். சம்பந்தம் வழியாக உள்ளே வந்தது. அதாவது 300 வருஷம் கழித்து வந்த பெயரை எடுத்து 300 வருஷம் முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நம்முடைய சர்வேயர் ஜெனரல் சுமந்த பெயரும் அதுதான்.

அப்படியானால் மெய்யான மூதாதை? 'மெய்யான' என்ற சொல்லைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

1467இல் தூகல் அல்பனாக் என்ற கேலிக் எழுத்தர் ஒரு தோல் சுவடியில் மேட்டுநிலக் குலங்களின் வம்சவரிசைகளை எழுதி வைத்தார். எடின்பரோவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1467 சுவடி என்றே அதைச் சொல்வது வழக்கம். டார்பெட்டின் நூலுக்கு 200 வருஷம் முந்தினது. அதில் மெக்கன்சி வரிசை உண்டு. முர்தோ, அவன் அப்பன் கென்னத், அவன் அப்பன் ஜான் என்று படிப்படியாக ஏறி, ஆர்ட் சீமைக் கில்லோயனிடம் போய்ச் சேருகிறது. காலின் இல்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் இல்லை. மானும் இல்லை. வெறும் பெயர்கள், சுத்தமான கேலிக் வரிசை. இதே கில்லோயன் வழியில் மாதெசன் குலமும் வருகிறது. இந்த மாதெசன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்கீன் இந்தச் சுவடியைக் கண்டெடுத்து வாசித்தார். 1837இல் வெளிவந்த நூலில் ஃபிட்ஸ்ஜெரால்ட் கதையைத் தள்ளினார். மங்கிப்போன எழுத்தைத் துலக்க அவர் தோலின்மேல் ஒரு ரசாயனத்தைத் தடவினார். அப்போதைக்கு எழுத்து தெரிந்தது. பிறகு பக்கமே கறுத்துப்போய் முன்னைவிட மோசமாகிவிட்டது. அடுத்தவர்கள் வெகுகாலம் ஸ்கீன் வாசித்ததையே நம்பிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 21ஆம் நூற்றாண்டில் பல அலைநீள ஒளியில் படமெடுத்து, ரொனால்ட் பிளாக்கும் மாய்ரே பிளாக்கும் மறுபடி வாசித்தார்கள். ஆவணத்தைக் கண்டுபிடிக்கிறவனே அதை அழிக்கிறான் என்பதை நாம் உருவகமாகப் பேசுவோம். இங்கே அது நேரடியாகவே நடந்திருக்கிறது.

1467 சுவடியைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதுவும் அதிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுதான். அதில் பல குலங்களின் வரிசை மேலே ஏற ஏற தால் ரியாதாவின் பழைய அரசர்களிடம் போய் முட்டுகிறது. கீழே உள்ள ஐந்தாறு பெயர்களை நம்பலாம், மேலே போனால் மூடுபனி. ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியமானது. அந்தச் சுவடியின் உலகத்தில் கௌரவம் என்பது கேலிக் மூதாதையால் வருவது. தீவுகளின் பிரபுக்களான மக்டொனால்டுகள் மேற்கை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மெக்கன்சிகள் அவர்களுக்குக் கீழே. 1493இல் அரசு அந்தப் பிரபுத்துவத்தைப் பறித்துக்கொண்டது. மெக்கன்சிகள் அரசு பக்கம் சாய்ந்தார்கள். கின்டெயிலுக்கு ராஜாவிடம் சாசனம் வாங்கினார்கள். மக்டொனால்டு விட்டுப்போன இடத்தில் மெல்ல மெல்லப் பரவினார்கள். 1609இல் தலைவர் பிரபு ஆனார். 1610இல் மக்லவுடுகளிடமிருந்த லூயிஸ் தீவு விலைப்பத்திரங்கள் வழியாக அவர்கள் கைக்கு வந்தது. 1623இல் சீஃபோர்த் கோமகன் பட்டம்.

அதே 1609இல் அயோனா சட்டங்கள் வந்தன. தீவுத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 60 மாடு வைத்திருக்கிறவன் எவனும் மூத்த பிள்ளையைத் தாழ்நிலத்துக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வைக்க வேண்டும். பாணர்களுக்கும் கட்டுப்பாடு. கேலிக் மொழி காட்டுமிராண்டிகளின் மொழி என்பது எடின்பரோவில் சர்வசாதாரணமான பேச்சு. இந்தச் சூழ்நிலையில் கோமகன் பட்டம் வாங்கிய குடும்பத்துக்குக் கில்லோயன் எதற்கு? கூச்சமாக இருக்காதா? நார்மன் மூதாதை வேண்டும். போர் வேண்டும். ராஜா கையெழுத்து வேண்டும். 1266ஆம் வருஷத்தைக் கவனியுங்கள். அந்த வருஷம் ஜூலையில்தான் பெர்த் உடன்படிக்கைப்படி நார்வே மேற்குத் தீவுகளை ஸ்காட்லாந்து அரசுக்கு விட்டுக்கொடுத்தது. சாசனம் ஜனவரி, உடன்படிக்கை ஜூலை. மேற்கே அரசு காலடி வைக்கிற அதே தருணத்தில் குலத்தின் மூதாதையும் காலடி வைக்கிறார். இந்தப் புனைவில் குலம் நிலத்திலிருந்து முளைக்கவில்லை. அரசின் பிள்ளையாகப் பிறக்கிறது.

இங்கேதான் விஷயம் பிரபுக்களின் தற்பெருமையைத் தாண்டிப் போகிறது. 'குலம்' என்று நான் எழுதிக்கொண்டிருக்கிற சொல்லுக்குக் கேலிக்கில் க்ளான். அர்த்தம் பிள்ளைகள். தலைவன் அப்பன், மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகள். நிஜத்தில் அப்படி ரத்தத் தொடர்பு எதுவும் பெரும்பாலானோருக்குக் கிடையாது. பாதுகாப்புக்காகத் தலைவன் பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பொய்யில் குடியானவனுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. கேலிக்கில் தூஹஸ் என்று ஒரு சொல் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரு நிலத்தில் இருந்ததனால், அந்தக் குலத்தைச் சேர்ந்ததனால் வருகிற பாத்தியதை. பத்திரம் கிடையாது. 'எங்க பாட்டன் பூட்டன் காலத்திலேர்ந்து இங்கதான் இருக்கோம்' என்ற வாய்ச்சொல்தான் பத்திரம். இன்னொரு சொல் ஒய்ரியாக்ட். சாசனப்படி வருகிற சட்ட உரிமை. தலைவன் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருந்தான்: தூஹஸ்படி எல்லோருக்கும் அப்பன், ஒய்ரியாக்ட்படி நிலச்சுவான்தார்.

கில்லோயன் வம்சாவளி தூஹஸின் பக்கம். தலைவனும் குடியானவனும் ஒரே மண்ணின் ஆட்கள், ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்ள அதில் இடமிருக்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்ட் வம்சாவளி முழுக்க முழுக்கச் சாசனத்தின் பக்கம். தலைவன் வெளியூர்க்காரன். அவன் ரத்தம் வேறு. நிலம் ராஜா கொடுத்தது. குடியானவர்கள் நிலத்தோடு சேர்ந்து வந்தவர்கள். ஆடுகளை விடுவதற்காக மனுஷர்களைத் துரத்திய கொடுமை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்கியது என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. காகிதத்தில் அது அதற்கும் நூறு வருஷம் முன்னால், 1669இலேயே நடந்துவிட்டது என்பது என் வாசிப்பு. பொருளாதாரக் காரணங்களை நான் மறுக்கவில்லை. கம்பளி விலை, கடன், பட்டண வாழ்க்கை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் 'இவன் என் பிள்ளை அல்ல' என்று ஒருவன் சொல்ல முடிவதற்கு முன்னால், தான் அவனுக்கு அப்பன் அல்ல என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்த எழுத்தை ஓவியமாகப் பார்க்க வேண்டுமானால் எடின்பரோவின் தேசிய ஓவியக் கூடத்தில் பார்க்கலாம். பெஞ்சமின் வெஸ்ட் 1786இல் வரைந்தது. சுமார் 12 அடி உயரம், 17 அடி அகலம், ஒரு சுவரையே அடைக்கும். தரையில் விழுந்து கிடக்கிற அரசன், பாயும் மான், ஈட்டியோடு காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட், சுற்றிலும் குதிரைகள் நாய்கள். வரையச் சொன்னவர் பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சி. 1783இல் குலத் தலைமைக்கு வந்தவர், 1797இல் சீஃபோர்த் பிரபு ஆனவர். சிறுவயதில் செங்காய்ச்சல் வந்து செவி போனவர். கடனில் மூழ்கியிருந்த மனுஷன் இவ்வளவு பெரிய படத்துக்கு ஏன் காசு செலவழித்தார் என்று கேட்டால், கடனில் மூழ்கியவர்களுக்குத்தான் மூதாதை அதிகம் தேவைப்படுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. இவரை ஒரேயடியாக வில்லனாக்கவும் முடியவில்லை. பார்படோஸ் தீவுக்கு கவர்னராகப் போனபோது, அடிமையைக் கொலை செய்தால் வெறும் அபராதம் என்றிருந்த சட்டத்தை மாற்ற உள்ளூர் வெள்ளைத் தோட்ட முதலாளிகளோடு மல்லுக்கட்டியவர். 1805இல் மாற்றவும் செய்தார். அதே ஆள் தென் அமெரிக்கக் கரையில் பெர்பீஸில் அடிமைகளை வைத்துப் பருத்தித் தோட்டம் நடத்தினார். ஊரில் இருக்கிற நிலத்தைக் காப்பாற்ற அங்கே அடிமை உழைப்பு. கில்லோயனோ ஃபிட்ஸ்ஜெரால்டோ, பரம்பரை நிலத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கறுப்பு மனுஷர்களும் ஒரு பத்தி.

இனி நான் சொல்ல வந்த இடம். கின்டெயில் மலைநாட்டில் மக்ரேக்கள் என்று ஒரு கூட்டம். மெக்கன்சி ரத்தம் இல்லை. ஆனால் தலைவனுக்காக முன்னால் நின்று சாகிறவர்கள். 'மெக்கன்சியின் இரும்புச் சட்டை' என்று அவர்களுக்குப் பேர். தலைவனின் பிணத்தைத் தூக்குவது அவர்கள் உரிமை என்பார்கள். 1778இல் அப்போதைய சீஃபோர்த் பிரபு கென்னத் மெக்கன்சி அரசுக்காக ஒரு பட்டாளம் திரட்டினார். அவர் கூப்பிட்டார், இவர்கள் போனார்கள். எடின்பரோவுக்குப் பக்கத்தில் லீத் துறைமுகத்தில் கப்பலேற நிற்கும்போது ஒரு பேச்சு பரவியது: நம்மைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

விற்றுவிட்டார்கள் என்ற சொல்லைப் பாருங்கள். சம்பள பாக்கியும் இருந்தது. செப்டம்பரில் நூற்றுக்கணக்கானவர்கள் அணியைவிட்டு வெளியேறி, நகரத்தை ஒட்டிய ஆர்தர்ஸ் சீட் என்ற குன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். துப்பாக்கியோடுதான். நகரத்து ஜனங்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பெரிய மனுஷர்கள் மேலே போய்ப் பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்: எல்லோருக்கும் மன்னிப்பு, பாக்கி தீர்க்கப்படும், கிழக்கிந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம். வரிசையாக இறங்கி வந்தார்கள். மக்ரேக்களின் கலகம் என்று இதற்குப் பேர். அப்பன் என்று நம்பியவன் தங்களை விற்பான் என்று சந்தேகிக்க அவர்களுக்கு முடிந்திருக்கிறது. தூஹஸ் செத்துக்கொண்டிருப்பது நிலத்தில் இருப்பவனுக்கு முதலில் தெரிகிறது.

மூன்று வருஷம்தான். 1781இல் அதே பட்டாளம் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டது. பிரபுவும் கூடப் போனார், வழியிலேயே செத்தார். கடலில் சொறிகரப்பான் நோயில் சுமார் 250 பேர் செத்தார்கள். 1782 ஏப்ரலில் சென்னையில் இறங்கியபோது ஆயுதம் தூக்கி நிற்கத் தெம்பு இருந்தவர்கள் பாதிகூட இல்லை. அடுத்த வருஷம் காலின் மெக்கன்சி அதே கரையில் இறங்கினார், கையில் சிபாரிசுக் கடிதங்களோடு. பாளையக்காரர்களின் வம்சாவளிகள் எழுதி வாங்கப்பட்டன. எழுதி வாங்கிய கவலி வேங்கட போரய்யா சகோதரர்களைப் பற்றியாவது நமக்குக் கொஞ்சம் தெரியும். குன்றின்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் நம் மண்ணுக்கடியில் கிடக்கிறார்கள் என்று யாரும் எழுதி வாங்கவில்லை.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். செவி கேளாத சீஃபோர்த்தின் ஆண்பிள்ளைகள் எல்லாம் அவர் கண்முன்னால் செத்தார்கள். 1815இல் அவரும் போனார். ஆண்வாரிசு முடிந்தது. கோயின்னெக் ஓதர் என்ற குறிசொல்லி இதை முன்னமே சாபமாகச் சொன்னான் என்று மக்கள் சொன்னார்கள். அது புத்தகமானது 1877இல்தான், எல்லாம் நடந்து 62 வருஷம் கழித்து. பண்டிதன் தொடக்கத்தைப் புனைந்தான், ஜனங்கள் முடிவைப் புனைந்தார்கள். எனக்கு இரண்டாவது புனைவின்மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. மகள் மேரியின் முதல் கணவர் அட்மிரல் ஹூட் சென்னையில் 1814இல் இறந்தவர். இரண்டாவது கணவர் ஸ்டூவர்ட் மெக்கன்சி 1837இலிருந்து 1841வரை இலங்கையின் கவர்னர். 1844இல் லூயிஸ் தீவு 190,000 பவுனுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் ஜேம்ஸ் மாதெசன். சீனாவுக்கு அபின் கடத்திச் சம்பாதித்தவர், ஜார்டின் மாதெசன் கம்பெனியின் பங்காளி. அந்த அபின் விளைந்தது இந்தியாவில். 1467 சுவடியை நம்பினால் நிலம் கில்லோயன் வழியைவிட்டு வெளியே போகவில்லை, பங்காளி வாங்கியிருக்கிறான்! அந்தப் பங்காளி 1851 தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியானவர்களைக் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்.

தலைமைப் பட்டம் வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1979இல் ஸ்காட்லாந்தின் லார்ட் லயன், அதாவது குலச்சின்னங்களுக்கான நீதிமன்றத்தின் தலைவர், குரோமார்ட்டி கோமகனைக் குலத் தலைவராக அங்கீகரித்தார். ஆமாம், அதே குரோமார்ட்டி. வம்சாவளி எழுதிய வக்கீலின் பட்டம். 1745 கலகத்தில் பறிபோய், 1861இல் சதர்லாந்து கோமகளுக்காகப் புதிதாக உண்டாக்கப்பட்டு, பெண் வழியாக இறங்கி வந்தது. ஆண்வழி பார்த்தால் அந்தத் தலைவரின் தகப்பனார் குடும்பம் பிளன்ட். மெக்கன்சி என்ற பெயர் சேர்த்துக்கொண்டது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பெண் வழியும் வழிதான், சேர்த்துக்கொண்ட பெயரும் பெயர்தான். அப்படித்தான் குலங்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. மறைப்பதுதான் பிரச்சினை.

டேவிட் செல்லார் என்ற சட்ட வரலாற்றாளர் 1981இல் மேட்டுநிலக் குடும்பங்கள் வம்சாவளி செய்வதையும் போலி செய்வதையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே அந்த இரண்டு சொல்லும் உண்டு. அவரே 2008இலிருந்து 2014வரை லார்ட் லயனாக இருந்தார். போலியைப் பிடிப்பவரையே முத்திரை போடும் நாற்காலியில் உட்கார வைத்த ஊர்! நாற்காலி அவரை மாற்றியதா, அவர் நாற்காலியை மாற்றினாரா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது மரபணுவும் வந்துவிட்டது. 1164இல் செத்த சோமர்லெட் கேலிக் அரச வழியினர் என்று மக்டொனால்டுகள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். பிரயன் சைக்ஸ் அவர்களுடைய தலைவர்கள் சிலரின் எச்சிலைச் சோதித்துப் பார்த்து, ஆண்வழி நார்வேப் பக்கத்து வழி என்றார். சுவடி தோற்றது, எச்சில் ஜெயித்தது. குழாயில் துப்பி அனுப்பினால் மூதாதையைச் சொல்லித் தருகிற கம்பெனிகள் பெருகிவிட்டன. ரத்தம் பேசுகிறது என்ற பழைய பேச்சுக்கு ஆய்வகத்தின் வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். தூஹஸ் எந்த எச்சிலிலும் தெரியாது.

இதையெல்லாம் பெரியவரிடம் ஒரு மத்தியானம், டீ குடிக்கப் போன இடத்தில், சொல்லிமுடித்தேன். மான் கதையில் நன்றாகச் சிரித்தார். குன்றின்மேல் ஏறி உட்கார்ந்தவர்களைப் பற்றிச் சொன்னபோது மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த மக்ரேக்காரங்களுக்கு வம்சாவளி இருக்கா சார்?"

இருக்கிறது. 1899இல் அலெக்சாந்தர் மக்ரே என்ற பாதிரியார் எழுதினார், பெரிய புத்தகம்.

"அப்ப அவங்களுக்குக் கீழ இருந்தவங்களுக்கு?"

மணி இரண்டாகிவிட்டது. கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும் என்று எழுந்து போனார்.